சித்தாள் கையில் பிறந்த ஓவியம்

கைவினைக் கண்காட்சிகளில் பீல் ஓவியத்துக்குக் கீழே ஒரு அட்டை தொங்கும். ‘ஆயிரமாயிரம் ஆண்டுத் தொன்மை கொண்ட பழங்குடிக் கலை’ என்று அதில் எழுதியிருப்பார்கள். பாதிதான் உண்மை. பீல் வீட்டுச் சுவர் பழையது, அதில் வரையும் வழக்கமும் பழையது. ஆனால் நாம் காசு கொடுத்து வாங்கி, சட்டம் போட்டு, கூடத்தில் மாட்டிவைக்கும் அந்தப் புள்ளி ஓவியத்துக்கு வயது நாற்பதைச் சற்றே தாண்டியிருக்கிறது. அது பிறந்த இடம் காடும் அல்ல, கோயிலும் அல்ல. போபால் நகரத்தில், பெரிய ஏரியின் கரைச் சரிவில், அரசாங்கம் கட்டிக்கொண்டிருந்த ஒரு கட்டடத்தின் வேலைத்தளம். அதை முதலில் காகிதத்தில் வரைந்தவர்கள் அங்கே மண்ணும் கல்லும் சுமந்துகொண்டிருந்த சித்தாள்கள்.

பீல்கள் இந்தியாவின் மிகப் பெரிய பழங்குடிகளில் ஒன்று. 2011 கணக்கெடுப்பில் ஒரு கோடியே எழுபது லட்சம் பேர். மத்தியப் பிரதேசத்தின் மேற்கு மூலை, குஜராத்தின் கிழக்கு ஓரம், ராஜஸ்தானின் தெற்கு, மகாராஷ்டிரத்தின் வடமேற்கு என்று நான்கு மாநிலங்கள் ஒட்டிக்கொள்ளும் மேட்டுநிலம் அவர்களுடையது. நடுவில் ஜாபுவா. 2008இல் அதிலிருந்து பிரிந்தது அலிராஜ்பூர். சிறு குன்றும் பள்ளமுமாக ஏறி இறங்கும் பூமி. மேல்மண் கைகொள்ளும் அளவுதான். மழை வந்தால் மக்காச்சோளமும் உளுந்தும் விளையும். வராவிட்டால் ஒன்றும் இல்லை.

அங்கே ஊர் என்று வீடுகளை வரிசையாக அடுக்கிவைத்திருக்க மாட்டார்கள். அவரவர் நிலத்தில், அவரவர் மேட்டில் ஒரு வீடு. ஒரு வீட்டிலிருந்து கூப்பிட்டால் இன்னொரு வீட்டுக்குக் கேட்கலாம், அவ்வளவுதான். இப்படிச் சில வீடுகள் சேர்ந்தது ஒரு ஃபலியா. பல ஃபலியாக்கள் சேர்ந்தது ஊர். மூங்கில் தட்டியின் மேல் மண்ணும் சாணமும் குழைத்துப் பூசிய சுவர், மேலே நாட்டு ஓடு. மழைக்காலம் முடிந்ததும் கரைந்துபோன இடத்தையெல்லாம் பெண்கள் மறுபடி பூசி மெழுகுவார்கள். மெழுகிய கையோடு ஈரமண்ணில் மயிலையும் மாட்டையும் புடைப்பாகப் பிடித்துவைப்பதும் உண்டு. காவிக்கல்லைத் தேய்த்தால் சிவப்பு, சுண்ணாம்புக்கல்லில் வெள்ளை, அவரை இலையைக் கசக்கினால் பச்சை, ரொட்டிக் கல்லின் அடியைச் சுரண்டினால் கருப்பு. வேப்பங்குச்சியின் நுனியில் துணி சுற்றினால் தூரிகை. வீட்டுச் சுவரை அழகுபடுத்துவது பெண்கள் பாடு. அதற்கு யாரும் தடை சொன்னதில்லை.

தடை இருந்தது ஒரே ஒரு சுவருக்கு. அதுதான் பித்தோரா.

பித்தோராவின் கதையைப் பீல்கள் இப்படிச் சொல்வார்கள். தர்மி ராஜா என்று ஒருவன் ஆண்ட நாட்டில் மக்களுக்குச் சிரிப்பே மறந்துபோயிற்று. வெயில் மங்கிற்று, பூ பூக்கவில்லை, நிறம் என்ற ஒன்றே இல்லை. ராஜாவின் பிள்ளை பித்தோரா குதிரையேறிப் புறப்பட்டான். ஆபத்துகள் நிறைந்த வழியெல்லாம் கடந்து, ஹிமாலி ஹர்தா என்ற அம்மனின் இருப்பிடத்துக்குப் போனான். அங்கிருந்து சிரிப்பையும் வெயிலையும் பூவையும் பறவையையும் நல்ல விளைச்சலையும் கொண்டுவந்து சேர்த்தான். குஜராத்தில் சோட்டா உதேப்பூர் பக்கம் வாழும் ராட்வாக்கள் வேறு விதமாகச் சொல்கிறார்கள். பீல்களுக்கு உறவு முறையான தனிப் பழங்குடி அவர்கள். ராணி காளி கோயல் ஓடையில் விட்ட பிள்ளையை ராணி காஜல் எடுத்து வளர்த்தாள், அவன்தான் பித்தோரா என்பது அவர்களுடைய கதை. அங்கே அவன் கல்யாண மாப்பிள்ளை. சுவர் முழுவதும் ஓடுவது கல்யாண ஊர்வலம். எந்தக் கதையானாலும் குதிரை இல்லாமல் நடக்காது.

வீட்டில் பிள்ளைக்கு உடம்பு சரியில்லை, மாடு நோயில் விழுகிறது, மழை பொய்க்கிறது என்றால் பட்வாவிடம் போவார்கள். குறி சொல்லும் பூசாரி அவர். நம் ஊர்க் கோடாங்கி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் சொன்னபடி பித்தோரா வரைவதாக வேண்டிக்கொள்வார்கள். வேண்டுதல் பலித்து, கையில் பணமும் தானியமும் சேர்ந்த பிறகுதான் வரைய முடியும். ஊரைக் கூப்பிட வேண்டும், ஆடு வெட்ட வேண்டும், இலுப்பைச் சாராயம் காய்ச்ச வேண்டும். ராட்வா வழக்கத்தில், திண்ணையையும் அடுப்பங்கரையையும் பிரிக்கும் நடுச்சுவர்தான் பித்தோராவுக்கு உரியது. கல்யாணமாகாத பெண்கள் அதைச் சாணமும் மண்ணும் பூசி மெழுகி, மேலே வெள்ளைமண் அடித்துத் தயார் செய்வார்கள். அதோடு அவர்கள் வேலை முடிந்தது. பிறகு லக்காரா எனப்படும் வரைகிற ஆண்கள் வருவார்கள். வண்ணப்பொடியைப் பாலிலும் இலுப்பைச் சாராயத்திலும் குழைத்து, மூங்கில் குச்சியால் வரைவார்கள். பக்கத்தில் மேளம் அடித்துக்கொண்டே இருக்கும்.

சுவரில் முதலில் ஒரு பெரிய கட்டம். கீழே நடுவில் வாசலுக்காக ஓர் இடைவெளி, இருபுறமும் புலிகள் காவல். கட்டத்துக்குள் வரிசை வரிசையாகத் தெய்வங்களின் குதிரைகள். ஹுக்கா புகைக்கும் பிள்ளையாரும் உண்டு. அதற்குக் கீழேதான் எனக்குப் பிடித்த பகுதி. அங்கே தெய்வம் விலகிக்கொண்டு ஊர் வந்துவிடுகிறது. ஏர் ஓட்டுகிறவன், பனையேறிக் கள் இறக்குகிறவன், தயிர் கடைகிறவள், கிணறு, பாம்பு, தேள், தேன்கூடு, வேட்டைக்காரன். பிற்காலச் சுவர்களில் ரயிலும் ஆகாய விமானமும் கூடச் சேர்ந்துவிட்டன. உலகத்தில் உள்ளதெல்லாம் அந்தச் சுவரில் இருக்க வேண்டும் என்பதுதான் கணக்கு. வரைந்து முடித்ததும் பட்வா சாமியாடி வந்து ஒவ்வொரு உருவத்தையும் சுட்டி, பேர் சொல்லிச் சரிபார்ப்பார். ஏதாவது விட்டுப்போயிருந்தால் அதையும் வரைந்தாக வேண்டும். அப்புறம்தான் பலி.

ராட்வா பித்தோராவை ஜோதீந்திர ஜெயின் ஊர் ஊராகப் போய் ஆராய்ந்து 1984இல் ஒரு புத்தகமே எழுதினார். அதற்கு முன்பே ஹக்கு ஷாவின் முயற்சியால் குஜராத் பழங்குடிக் கலைகள் வெளிநாடு வரை போய்விட்டன. பீல் பக்கம் பாப்ராவைச் சேர்ந்த பேமா ஃபத்யா புகழ்பெற்ற பித்தோரா ஓவியர். எழுதப்பட்டதும் பேசப்பட்டதும் ஆண்கள் வரைந்த சுவரைப் பற்றித்தான். சுவரை மெழுகிய பெண்ணுக்கு அந்தக் கதையில் வசனம் இல்லை.

மழை தவறினால் ஜாபுவா காலியாகும். தாகோத், வடோதரா, கோட்டா, போபால் என்று ரயிலும் பேருந்தும் ஏறிக் கட்டட வேலைக்கும் சாலை வேலைக்கும் குடும்பம் குடும்பமாகப் போவது அவர்கள் பஞ்சாங்கத்தில் ஒரு பருவம். பிட்டோல் என்ற ஊரிலிருந்து அப்படிப் போபாலுக்கு வந்தவர்களில் ஒருவர் பூரி பாய். சின்ன வயதிலிருந்து கூலி வேலை. காட்டில் விறகு பொறுக்கி விற்றதும் உண்டு. பேசத் தெரிந்தது பீலி மட்டும்; இந்தி வராது. வேலை கிடைத்த இடம் பாரத் பவன் கட்டுமானம். சார்லஸ் கொரியா வடிவமைத்த கலை வளாகம் அது. ஏரியை நோக்கிப் படிப்படியாக இறங்கும் முற்றங்கள், தரைக்குள் பதிந்த கூடங்கள். 1982 பிப்ரவரி 13 அன்று இந்திரா காந்தி திறந்துவைத்தார். கொரியாவின் பெயர் எல்லாக் கட்டடக்கலைப் புத்தகத்திலும் இருக்கிறது. கல் சுமந்தவர்களுக்கு நாள் கூலி 6 ரூபாய் என்பது பூரி பாய் பேட்டிகளில் சொன்னதால்தான் நமக்குத் தெரிகிறது.

அந்த வளாகத்தில் ரூபங்கர் என்ற கலைக்கூடத்துக்கு இயக்குநராக வந்தவர் ஜகதீஷ் சுவாமிநாதன். 1928இல் சிம்லாவில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். கம்யூனிஸ்ட் கட்சி வேலை, பத்திரிகை வேலை எல்லாம் பார்த்துவிட்டு ஓவியத்துக்கு வந்தவர். 1962இல் ‘குரூப் 1890’ என்ற ஓவியர் குழுவை உருவாக்கியவர்களில் முதன்மையானவர். மலையும் பறவையும் அந்தரத்தில் நிற்கும் அவருடைய ஓவியங்கள் தில்லி கலையுலகில் பிரபலம். பழங்குடி ஓவியம் அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டிய பழம்பொருள் என்பதை அவர் ஏற்கவில்லை. இன்று உயிரோடு இருக்கும் ஒருவர் இன்று வரைவது இன்றைய கலைதான், அதை நவீன ஓவியத்துக்குப் பக்கத்துக் கூடத்தில் சரிசமமாக வைக்க வேண்டும் என்றார். இளம் கலைஞர்களைக் குழுக்களாகப் பிரித்து மத்தியப் பிரதேசக் கிராமங்களுக்கு அனுப்பினார். அப்படிப் போன ஒரு குழு பாடன்கட் என்ற கோண்டு கிராமத்துச் சுவரில் கண்டுபிடித்தவர்தான் ஜன்கர் சிங் ஷியாம்.

கிராமம் கிராமமாக ஆள் அனுப்பியவர், தன் கட்டடத்தில் கல் சுமந்த பெண்களையும் கவனித்தார். அதுதான் அவருடைய பெரிய காரியம் என்று நினைக்கிறேன். கட்டட வேலைக்கு வந்த பெண்ணை மேஸ்திரி தலையெண்ணிக்கைக்காகப் பார்ப்பார்; பொறியாளர் பார்க்கவே மாட்டார். சுவாமிநாதன் அவர்களிடம் போய், உங்கள் ஊரில் என்ன சாமி, என்ன திருவிழா, வீட்டுச் சுவரில் என்ன வரைவீர்கள், அதை இந்தக் காகிதத்தில் வரைந்து காட்டுகிறீர்களா என்று கேட்டார். பெண்கள் தயங்கினார்கள். நாங்கள் உட்கார்ந்து வரைந்தால் எங்கள் வேலையை யார் செய்வது, கூலி போய்விடுமே என்பது அவர்கள் கவலை. வரைவதற்குப் பணம் உண்டு என்று சொன்ன பிறகுதான் பூரி பாய் உட்கார்ந்தார். கையில் கொடுத்தது காகிதமும் தூரிகையும் புட்டியில் அடைத்த வண்ணமும். கல்லைச் சுரண்ட வேண்டாம், இலையைக் கசக்க வேண்டாம். அன்று கிடைத்தது சித்தாள் கூலியைவிடக் கூடுதல். நிழலில் உட்கார்ந்து கோடு போட்டதற்கு இவ்வளவு காசா என்று நம்ப முடியவில்லை என்று அவர் பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

பெண்கள் வரையக் கூடாத அந்தக் குதிரையும் இப்படித்தான் காகிதத்துக்கு வந்தது. சுவர்க் குதிரைக்கு வேண்டுதல் உண்டு, பலி உண்டு, பட்வாவின் சரிபார்ப்பு உண்டு. காகிதக் குதிரைக்கு இவை ஒன்றும் தேவையில்லை. பூசை இல்லாத இடத்தில் தடைக்கும் வேலை இல்லாமல் போயிற்று. எந்தச் சீர்திருத்தக்காரரும் வந்து பேசாமல், யாரோடும் சண்டை போடாமல், நூறாண்டு விலக்கு ஒன்று 6 ரூபாய்க் கூலிக்காரியின் தாளில் கரைந்தது.

இதற்குச் சில ஆண்டுகள் முன்பு வேறு இடங்களில் நடந்ததையும் பார்க்க வேண்டும். 1966-67 பஞ்சத்தில் பீகார் தவித்தபோது அகில இந்தியக் கைவினை வாரியத்தின் புபுல் ஜெயகர், பாஸ்கர் குல்கர்னி என்ற ஓவியரை மதுபனிக்கு அனுப்பினார். அவர் பெண்களிடம் காகிதம் கொடுத்தார். கல்யாண அறைச் சுவரில் இருந்த மிதிலை ஓவியம் விற்பனைக்கு வந்தது. எழுபதுகளில் அதே குல்கர்னி மகாராஷ்டிரத்தின் வார்லிகளிடம் போனார். அங்கே கல்யாணச் சுவரை வரைவது சுமங்கலிப் பெண்களின் உரிமை. காகிதத்தில் பெயர் பெற்றதோ ஜிவ்யா சோமா மாஷே என்ற ஆண். வார்லியில் பெண்களின் சுவர் ஆணின் காகிதமாயிற்று. பீலில் ஆண்களின் சுவர் பெண்ணின் காகிதமாயிற்று. நம் நாட்டின் ‘தொன்மையான’ பழங்குடி, நாட்டார் ஓவியங்கள் பலவற்றின் பிறப்புச் சான்றிதழைத் தேடினால் இப்படி ஒரு பஞ்சமும் ஒரு கட்டுக் காகிதமும்தான் அகப்படுகின்றன. தாழ்வாகச் சொல்லவில்லை. பசியோடு இருந்தவர்கள் கிடைத்த வாய்ப்பில் ஒரு புதிய கலையை உண்டாக்கினார்கள் என்பது ஆயிரமாண்டுப் பழமையைவிடப் பெரிய விஷயம்.

இனி அந்தப் புள்ளிகள். பீல் ஓவியத்தில் முதலில் உருவத்தைக் கோடாக இழுத்து, உள்ளே ஒரே நிறத்தைத் தட்டையாக நிரப்புவார்கள். அது காய்ந்ததும் மேலே புள்ளி வைக்கத் தொடங்குவார்கள். குச்சி நுனியிலோ தூரிகை நுனியிலோ, ஒரே அளவில், ஒரே இடைவெளியில், வரிசை வரிசையாக. ஒரு மானின் உடம்புக்கே நூற்றுக்கணக்கில் வேண்டும். புள்ளியின் ஓட்டத்தை வைத்தே உருவத்தின் திரட்சி தெரிகிறது. நிழல், வெளிச்சம் எல்லாம் போட்டுக் காட்ட வேண்டியதில்லை. ஒவ்வொரு ஓவியருக்கும் தன் புள்ளி அடுக்கு உண்டு. பழகிய கண் அதைப் பார்த்தே இது இன்னார் படம் என்று சொல்லிவிடும். புள்ளி எங்கிருந்து வந்தது என்றால், மக்காச்சோளக் கதிரின் மணி அடுக்கு என்பார்கள் சிலர். முன்னோரையும் தெய்வத்தையும் நினைத்து வைப்பது என்பார்கள் வேறு சிலர். பீல் பெண்களின் முகத்திலும் கையிலும் பச்சை குத்தியிருப்பதைப் பார்த்தால் மூன்றாவதாக ஒரு விடை எனக்குத் தோன்றும். உடம்பிலேயே புள்ளி வைத்துக்கொண்டவர்கள் அவர்கள்.

என்ன வரைகிறார்கள்? தங்கள் ஊரை. ஹோலிக்கு முந்தைய வாரம் ஜாபுவா, அலிராஜ்பூர், தார், பட்வானி பகுதிகளில் கூடும் பகோரியா சந்தை: பெரிய மேளம், குழல், ஒரே நிறப் புடவையில் கூட்டமாக வரும் பெண்கள், ராட்டினம். பத்திரிகைகள் அதைக் காதலர் சந்தை என்றே எழுதிப் பழகிவிட்டன. போகிறவர்களுக்கு முதலில் அது பண்டிகைச் சாமான் வாங்கும் வாரச்சந்தை. ஹோலி முடிந்ததும் உயரமான மரமேடையில் ஒருவரைக் கட்டிச் சுற்றவிட்டு வேண்டுதல் தீர்க்கும் ‘கல்’ சடங்கு. அகாலமாக இறந்தவர்களுக்கு நடும் ‘காத்லா’ கல். அதில் குதிரையேறிய உருவம் செதுக்கியிருக்கும். புது விளைச்சலை முதலில் சாமிக்குப் படைக்கும் நவாய். கொம்பில் வண்ணம் பூசிய மாடு, இலுப்பைப் பூ பொறுக்கும் பெண்கள், வில்லோடு நிற்கும் ஆண், மரம் நிறையப் பறவை. பூரி பாய் படங்களில் இவற்றுக்கு நடுவே பேருந்தும் விமானமும் புகுந்துவிடும். ஊரைவிட்டு வந்தவரின் ஞாபகத்தில் ஊரும் நகரமும் தனித்தனியாக இல்லை. லாடோ பாய்க்கு விலங்குகளும் சடங்குகளும்தான் பிடித்த பாடம். அவரும் ஜாபுவாவிலிருந்து கட்டட வேலைக்கு வந்து சுவாமிநாதன் கண்ணில் பட்டவர். ஆனால் வீட்டுக் கஷ்டத்தால் பல ஆண்டுகள் தூரிகையைத் தொட முடியாமல் கூலிக்கே போனார். பிறகு போபாலில் உள்ள ஆதிவாசி லோக் கலா நிறுவனத்தில் ஓவியராக வேலை கிடைத்தது. பூரி பாயும் அங்கேதான் வேலை பார்த்தார். மாதச் சம்பளம் என்ற ஒன்று வந்த பிறகே இருவராலும் தொடர்ந்து வரைய முடிந்தது. ஒருவரைக் ‘கண்டுபிடிப்பது’ ஒரு மத்தியான வேலை. அவரை வாழவைப்பதுதான் நிறுவனங்களின் வேலை. அதைச் செய்த நிறுவனத்தை யாரும் அதிகம் பாராட்டுவதில்லை.

பூரி பாய்க்கு 1986-87இல் மத்தியப் பிரதேச அரசின் சிகர் சம்மான், 2021இல் பத்மஸ்ரீ. ராட்வா பித்தோரா ஓவியர் பரேஷ் ராட்வாவுக்கு 2023இல் பத்மஸ்ரீ. கோண்டு ஓவியத்துக்கு ஜன்கர் பாணி என்று ஒரு பெயரே நிலைத்துவிட்டது. 2001இல் ஜப்பானில் அவர் இறந்த பிறகும் அந்தப் பெயர் நிற்கிறது. பீல் ஓவியத்துக்குப் பூரி பாணி என்று யாரும் பெயர் வைக்கவில்லை. ஒரு பெண், அதுவும் சித்தாள், ஒரு பாணியைத் தொடங்கினார் என்று சொல்வதைவிட அதை ‘மரபு’ என்ற பொதுப்பெயருக்குள் போட்டு மூடுவது நமக்குச் சுலபமாக இருக்கிறது. தொன்மை என்று எழுதிய அந்த அட்டை மேல் எனக்குள்ள கோபம் இதுதான். தொன்மைக்குச் சொந்தக்காரர் கிடையாது. ஆகவே யாரும் புள்ளி வைத்து விற்கலாம். இப்போது கோப்பையிலும் மெத்தை உறையிலும் பீல் பாணி என்று அச்சடித்த புள்ளிகள் வருகின்றன. அவற்றில் மான் இருக்கும், மயில் இருக்கும், வரைந்தவர் பெயர் இருக்காது.

பீல் ஓவியம் வாங்குகிறவர்கள் முதலில் படத்தின் ஓரத்தைப் பாருங்கள். கையெழுத்து இல்லையென்றால் வரைந்தது யார், எந்த ஊர், அவருக்கு எவ்வளவு போகிறது என்று கடைக்காரரிடம் கேளுங்கள். பதில் வராத படத்தை விட்டுவிடுங்கள். போபால் போனால் பாரத் பவனோடு நிறுத்திக்கொள்ளாமல், அதே சியாமளா குன்றில் 2013இல் திறந்த பழங்குடி அருங்காட்சியகத்துக்கும் போக வேண்டும். பூரி பாய் தன் சொந்த வாழ்க்கையை நீளமான ஒரு சுவர் முழுக்க அங்கே வரைந்துவைத்திருக்கிறார். திங்கட்கிழமை மட்டும் போகாதீர்கள், இரண்டுமே மூடியிருக்கும்.